முந்நூற்று ஏழாவது எண்

சட்டைப் பையின் பொத்தான் மட்டும் மாட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. கைப்பொத்தான்கள் இரண்டையும் போட்டாயிற்று. மூச்சு முட்டுகிறது என்று அண்ணன் உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு நாளும் போட விடாத கழுத்துப் பொத்தானையும் அண்ணி போட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைக் கழற்றிவிட்டாள். பையின் மூடியைத்தான் தங்கையால் இழுத்துப் பூட்ட முடியவில்லை. உள்ளே ஏதோ தடித்திருந்தது.

"பைக்குள்ள என்னமோ இருக்கு அண்ணி."

"பஸ் டிக்கெட்டா இருக்கும், எடுத்துப் போடு. நல்ல சட்டைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை போடுவாரு. அதையும் துவைக்கப் போடாம ஆணியில மாட்டி வச்சிருவாரு."

பேசிக்கொண்டே அண்ணி அவர் தலையைச் சீவினாள். காலையில் பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், அவள் டீ கொண்டுவருவதற்குள் போய்விட்டார். டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, 'ஆறிடப் போகுது' என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். அந்த இரண்டு தடவையைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தங்கை காகிதத்தை வெளியே எடுத்தாள். நாலாக மடித்த, கட்டம் போட்ட தாள். பிரித்ததும் முதலில் தெரிந்தது அண்ணனுடைய பென்சில் எழுத்து. ஒவ்வொரு இலக்கமும் தன் கட்டத்துக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், ஒரு கால்கூட வெளியே நீளாது. மேலே ஏழு இலக்கத்தில் ஓர் எண்.

4112783.

அந்த எண்ணை எழுத்தில் அவள் பார்த்து ஒன்பது வருஷம் ஆகிறது. பார்க்காவிட்டால் என்ன, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

"என்னம்மா அது?"

"கணக்கு அண்ணி."

"வேற என்ன இருக்கும் அவரு பையில." அண்ணி சீப்பில் சிக்கின இரண்டு நரைமுடியை விரலில் சுற்றி எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஆமா, அவரு வரலையா?"

அண்ணி கேட்டது தங்கையின் கணவரை.

"வந்திருக்காரு. எதிர்த்த பக்கம் தண்ணித் தொட்டிகிட்ட உக்காந்திருக்காரு."

"உள்ள வரச் சொல்லேன். இன்னும் என்ன இருக்கு?"

தங்கை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போதே கேட்டுப் பார்த்துவிட்டாள். "மச்சான் கூப்பிட்டாத்தான் அந்த வீட்டு வாசப்படி மிதிப்பேன்னு சொன்னவன் நான்" என்றார். "இனிமே எப்படிங்க கூப்பிடுவாரு?" என்றாள் இவள். அதற்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்வரை திரும்பவில்லை. கூட வந்ததே பெரிசு என்று இவளும் விட்டுவிட்டாள். மூன்று மணிக்கு வண்டி வருகிறது. அதற்குள் அவர் வந்து முகத்தைப் பார்க்காவிட்டால், பிறகு பார்க்க முகம் இருக்காது.

அண்ணனும் அவள் கணவரும் ஒரே பட்டறையில் பல்சக்கரம் வெட்டினவர்கள். இரும்பு வட்டத்தில் பல் எல்லாம் சமமாக விழ வேண்டும். ஒன்று மயிரிழை தள்ளினாலும் சக்கரம் சுற்றும்போது கத்தும். அளவு தப்பாமல் வட்டத்தைப் பங்கு போட, ஓட்டை போட்ட தட்டுகள் உண்டு. அறுபது பல் வேண்டுமா, கவலையே இல்லை. அறுபதை மூன்றால் உடைக்கலாம், நாலால் உடைக்கலாம், ஐந்தால் உடைக்கலாம். ஏதாவது ஒரு தட்டில் அகப்பட்டுவிடும். நூற்று இருபத்தேழு பல் என்று யாராவது வந்து நின்றால் தொலைந்தது. அது எதற்கும் மசியாது. பள்ளிக்கூடத்தில் பகா எண் என்பார்கள். பட்டறையில் அதற்குப் பெயர் முரட்டு எண். அதற்கென்று தனியாகத் தட்டு செய்ய வேண்டும், ஒரு நாள் வேலை போய்விடும். அதனாலேயே எந்த எண்ணைப் பார்த்தாலும் உடையுமா உடையாதா என்று பார்ப்பது இரண்டு பேருக்கும் கையரிப்பு மாதிரி ஆகிவிட்டது.

தெருவில் போகிற வண்டியின் எண்ணைக்கூட விடமாட்டார்கள். அண்ணன் சின்னத் துண்டைச் சொல்வார், அவள் கணவர் பெரிய துண்டைச் சொல்வார்.

"இருபத்து மூணு."

"எழுபத்தொண்ணு."

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் முடிந்துவிடும். கணவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், அது இவளுக்கும் தெரியும். ஆனாலும் அண்ணன் வாயைத் திறக்கும்வரை பொறுத்திருந்துதான் தன் பாதியைச் சொல்வார். "இவங்க ரெண்டு பேரையும் கடைக்கு அனுப்பினா ரோட்டுல போற நம்பரையெல்லாம் உடைச்சுட்டு வெறுங்கையோட வருவாங்க" என்பாள் அண்ணி.

முரட்டு எண்களுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தது தங்கை. கல்யாணத்துக்கு முன்பு, ஒரு விடுமுறையில். இரண்டாயிரத்து எழுநூறு வரைக்கும் எண்களை எழுதி, இரண்டின் மடங்குகளை அடித்து, மூன்றின் மடங்குகளை அடித்து, ஐந்து, ஏழு என்று அடித்துக்கொண்டே போய், மிஞ்சினதை நல்ல தாளில் மையால் நகல் எடுத்தாள். தாளுக்கு ஒன்பது பத்தி, பத்திக்குப் பதினேழு வரி. மூன்று தாள். அண்ணன் அதைப் பார்த்துப் பட்டறைக்கு ஒரு பிரதி எழுதிக்கொண்டு, அவள் எழுதினதை வீட்டு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தார். யார் வந்தாலும் கதவைத் திறந்து காட்டுவார். "என் தங்கச்சி எழுத்து. அச்சு தோத்துப் போகும்."

சண்டை வந்தது ஒரு பழைய மெஷினால். அந்தக் கதையைக் கணவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அண்ணன் வாயே திறக்கவில்லை. முழுசாகச் சொன்னவன் பட்டறையில் எண்ணெய் போடுகிற கிரீஸ். அவனுக்கு வேறு பெயர் இருந்ததா என்று அவன் பெண்டாட்டியைத்தான் கேட்க வேண்டும். எங்கே பார்த்தாலும் இவளை நிறுத்தி, இரண்டு பேர் மாதிரியும் நடித்துக் காட்டுவான்.

"வந்து இறங்குது தங்கச்சி ஒரு பழைய மெஷினு. முதுகுல பித்தளைத் தகடு. அதுல இந்த நம்பரு. உங்க அண்ணன் பார்த்தாரு, பசி போச்சு. ஒரு மாசம் சாப்பாட்டு நேரம் பூரா வகுக்கிறாரு. ஒண்ணாலயும் போகலை. அப்புறம் சாக்பீஸ் எடுத்து மெஷின் மேலயே எழுதுறாரு. 2028-ஐ 2028-ஆல பெருக்கினா 4112784. நம்ம நம்பர் அதுக்கு ஒண்ணு கம்மி. அதனால 2028-க்குள்ள இருக்கிற முரட்டு எண்ணையெல்லாம் பார்த்தாப் போதும், அதுக்கு மேல பார்க்கத் தேவையில்லை. உள்ள இருக்கிறது முந்நூத்தாறு. முந்நூத்தாறும் பார்த்தாச்சு. இது உடையாது. எல்லாரும் கை தட்டுறோம். உங்க வீட்டுக்காரரு டீ டம்ளரோட வந்து நிக்கிறாரு. சாக்பீஸ் எழுத்தைப் பார்க்கிறாரு. ஒரு வாய் குடிக்கிறாரு. 'உடையும் மச்சான்'ங்கிறாரு."

"எதாலன்னு அண்ணன் கேட்டிருப்பாரே."

"கேட்டாரு. 'பதில் உங்க எழுத்துலயே இருக்கு, பாருங்க'ன்னாரு இவரு, சிரிச்சுக்கிட்டு. அந்தச் சிரிப்புதான் கெடுத்துச்சு. ஒரு மாசம் சோறு திங்காம போட்ட கணக்கு. 'வகுக்கத் தெரியாத பயலுக்கு என் தங்கச்சியக் குடுத்துட்டேன்'னு சொல்லிட்டாரு உங்க அண்ணன். இருபது பேரு நிக்கிறோம். டம்ளரை மெஷின் மேல வச்சாரு உங்க வீட்டுக்காரரு. அவ்வளவுதான். அந்த டம்ளரை நான்தான் கழுவி வச்சேன்."

மறுநாளே வேறு பட்டறை பார்த்துக்கொண்டார். ஒன்பது வருஷமாக இவள் தனியாகத்தான் பஸ் ஏறி இங்கே வருவாள். அண்ணன் எதிரில் உட்கார்ந்து அது இது பேசிவிட்டு, இவள் கிளம்பும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு கேட்பார்: "நேரத்துக்குச் சாப்பிடுறாரா?" இவள் வீடு போய்ச் சேர்ந்ததும் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் கேட்பார்: "மாத்திரை ஒழுங்காப் போடுறாரா?" இரண்டு பேருக்கும் "ஆமா" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கும் தலை நரைத்துவிட்டது.

இப்போது அந்தத் தாளில் அதே எண்ணுக்குக் கீழே ஒரு வகுத்தல். 2027-ஆல் வகுத்திருந்தார். வரி வரியாக இறங்கி, கடைசியில் பூஜ்யம். ஈவு 2029. பூஜ்யத்தைச் சுற்றி ஒரு வட்டம்கூடப் போடவில்லை. அதன் கீழே, இலக்கங்களைப் போலவே கட்டத்துக்கு ஓர் எழுத்தாக:

மாப்பிள்ளை சொன்னது சரி. போய்க் கூப்பிட வேண்டும்.

தங்கை அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் எப்போதும் போலத்தான் இருந்தார், கண்ணாடி மட்டும் இல்லை.

"அண்ணி, இந்தச் சட்டையை எப்பப் போட்டாரு?"

"போன மாசம் ஒரு நாள். அது ஒரு கூத்து. டாக்டர் நடக்கக் கூடாதுன்னதுல இருந்து பழையபடி அந்த நம்பரைப் பிடிச்சுக்கிட்டாரு. இந்தத் தடவை பட்டியல் கிட்டியல் எதுவும் பார்க்கலை. மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பதுன்னு ஒத்தை எண்ணா வரிசையா வகுக்கிறாரு. நாலு மாசம். ஒம்பதால எதுக்கு வகுக்கிறீங்க, அதான் மூணால பார்த்தாச்சேன்னு எனக்கே தெரியுது, நான் கேட்கிறேன். 'இருக்கட்டும், வேற வேலை என்ன'ங்கிறாரு. ஒரு நாள் திடீர்னு எழுந்து முகம் கழுவி, இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு, உங்க வீட்டுக்குப் போறேன்னாரு. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. பஸ் ஸ்டாப் வரைக்கும் போனவரு திரும்பி வந்துட்டாரு."

"ஏனாம்?"

"கேட்டேனே. பஸ் வரலையான்னேன். 'ரெண்டு பஸ் வந்துச்சு'ன்னாரு. சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, அலமாரிக் கதவைத் திறந்துவச்சுக்கிட்டு நின்னாரு. அரை மணி நேரம் இருக்கும். என்னங்கன்னேன். 'போனா எப்படி விட்டீங்கன்னு மாப்பிள்ளை கேப்பாரு, என்னன்னு சொல்றது'ன்னாரு. எனக்கு ஒண்ணும் விளங்கலை. உனக்கு விளங்குதா?"

தங்கைக்கும் அப்போது விளங்கவில்லை.

"சரி, அலமாரியில வெள்ளைப் போர்வை இருக்கும், எடுத்துட்டு வா," என்றாள் அண்ணி. "மேல் தட்டுல."

அவள் உள்ளறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். கதவின் உட்பக்கம் மூன்று தாள்கள் பழுத்துப்போய் ஒட்டியிருந்தன. மை மட்டும் மங்கவில்லை. போர்வைக்காகக் கையை உயர்த்தினவள், அப்படியே நின்று தாளைப் பார்த்தாள். இரண்டாவது தாளின் கடைசிப் பத்தி, கடைசி வரி: 2017. முந்நூற்று ஆறாவது எண். மூன்றாவது தாளின் முதல் பத்தி, முதல் வரி: 2029.

விரலை வைத்து மறுபடி பார்த்தாள். 2017. 2029.

நடுவில் இருக்க வேண்டிய 2027 இல்லை. தாள் மாற்றும்போது விட்டிருக்கிறாள். அண்ணன் அதைப் பார்த்து எழுதின பட்டறைப் பிரதியிலும் அது இருந்திருக்காது. அத்தனை எண்ணாலும் வகுத்தவர் அதனால் மட்டும் வகுக்காததற்குக் காரணம், அவள் எழுத்தை அவர் சந்தேகப்படவில்லை என்பதுதான்.

2017-க்குப் பக்கத்தில், வெற்றிடத்தில், பென்சிலால் ஒரு புள்ளி இருந்தது. அவ்வளவுதான். எழுத வந்து, பென்சிலை ஊன்றி, எழுதாமல் எடுத்திருக்கிறார்.

போர்வையோடு திரும்பினபோது அண்ணி கேட்டாள். "என்ன இவ்வளவு நேரம்?"

"அண்ணி, கதவைத் திறந்துவச்சுக்கிட்டு நின்னாருன்னீங்களே. அப்ப வேற ஏதாவது சொன்னாரா?"

"பென்சிலோட நின்னாரு. தப்பு இருந்தா திருத்துங்களேன்னேன். 'அது என் தங்கச்சி எழுத்து, அதுல கை வைக்கக் கூடாது'ன்னாரு. எழுத்து மேல அப்படி ஒரு இது அவருக்கு." போர்வையின் ஒரு முனையை வாங்கிக்கொண்டே அண்ணி நிமிர்ந்தாள். "ஏன், உனக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லை அண்ணி."

போர்வையை இருவருமாக விரித்து இடுப்புவரை போர்த்தினார்கள். தாள் இவள் கைக்குள் இருந்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் உள்ளே வந்துவிடுவார். அதில் சந்தேகமே இல்லை. கூப்பிட வேண்டும் என்று அண்ணனே தன் கையால் எழுதியிருக்கிறார். தாளைக் கொடுத்தால் போதும். அலமாரியைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. அண்ணிக்கு விளங்காது, அண்ணன் சொல்லமாட்டார். கணக்கில் கெட்டிக்காரர், ஒரு தடவை சறுக்கிவிட்டார் என்று நாலு பேர் பேசிவிட்டுப் போவார்கள். அண்ணனும் அதைத்தான் விரும்பினார் போலிருக்கிறது.

வாசலில் கிரீஸ் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் மகன் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். "மாமா அங்கயே உக்காந்திருக்காரு அத்தை. டீ குடுத்தேன், வேண்டாம்னுட்டாரு," என்றான் போனை மூடிக்கொண்டு.

அவள் தெருவைக் கடந்தாள். தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுக் கட்டையில் கணவர் கால்களைச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

"முடிஞ்சுதா?" என்றார்.

"சட்டை போட்டாச்சு. இது பையில இருந்துச்சு."

அவர் தாளை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. மேலேயிருந்து கீழே கண் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுத்தலை ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துக்கொண்டு இறங்கினார். கடைசி வரிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

"எப்ப எழுதினாரு?"

"போன மாசம். நம்ம வீட்டுக்கு வரேன்னு கிளம்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்திருக்காரு."

கணவர் கட்டை விரலால் தாளின் ஓரத்தை நீவிவிட்டார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றார்.

"எது?"

"ரெண்டு துண்டும். அவரு வகுத்தாரு, நான் வகுக்கவே இல்லை. மெஷின் மேல அவரே எழுதி வச்சிருந்தாரே. அஞ்சஞ்சு எத்தனை?"

"இருபத்தஞ்சு."

"ஒண்ணு குறைச்சா?"

"இருபத்து நாலு."

"நாலாறு இருபத்து நாலு. அஞ்சுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. எந்த எண்ணை எடுத்தாலும் அப்படித்தான். 2028-ஐ அதாலயே பெருக்கி ஒண்ணு குறைச்சா, 2027, 2029. ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்தான்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் நினைச்சேன். அவரே பார்த்தா சந்தோஷப்படுவாருன்னு ஒரு நிமிஷம் விளையாட்டுக் காட்டினேன். அதுக்குள்ள அந்த வார்த்தை வந்துருச்சு." தாளை மடித்தார், மறுபடி பிரித்தார். "அதுக்கப்புறம், அவரு வந்து கேட்டாத்தான் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

"ஒம்பது வருஷம்."

"ஆமா."

அண்ணன் வீட்டு வாசலில் கிரீஸ் கடைசி நாற்காலியைப் போட்டுவிட்டு அதிலேயே உட்கார்ந்தான். கணவர் அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஒண்ணுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை," என்றார். "பொறுமைன்னா அவருதான். ஒரு பல்லு தப்ப விடமாட்டாரு. முந்நூத்தாறு எண்ணை வகுத்தவரு, இது ஒண்ணை மட்டும் எப்படி விட்டாரு? அவ்வளவு கவனமில்லாத ஆளா அவரு?"

இதைத்தான் கேட்பார் என்று அண்ணன் சொன்னார். இதற்குப் பயந்துதான் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அவளுடைய கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன.

"அவரு விடலை," என்றாள். "நான் விட்டேன்."

"என்னது?"

"பட்டியல்ல இல்லை. ரெண்டாவது தாள் 2017-ல முடியுது. மூணாவது தாள் 2029-ல ஆரம்பிக்குது. இப்பத்தான் பார்த்தேன். அவரு என் எழுத்தை நம்பி வகுத்தாரு."

கணவர் அவளையே பார்த்தார்.

"அண்ணனுக்குப் போன மாசம் தெரிஞ்சிருக்கு. திருத்தக்கூட இல்லை. நீங்க இதைக் கேப்பீங்கன்னுதான் பஸ் ஏறாம திரும்பிப் போயிருக்காரு."

ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று. கணவர் முழங்கால்மேல் தாளை வைத்து நீவிக்கொண்டே இருந்தார், அதில் மடிப்பே இல்லாத இடத்திலும்.

"அந்தப் பட்டியலை வச்சு நானும் எத்தனை சக்கரம் வெட்டியிருக்கேன்," என்றார் கடைசியில். "எனக்கும் கண்ணுல படலையே."

"பட்டிருந்தா?"

"அன்னைக்கே சொல்லியிருப்பேன். உங்க தங்கச்சி எழுத்தைப் பாருங்க மச்சான்னு."

"இருபது பேரு முன்னாடி."

"இருபது பேரு முன்னாடிதான்."

அவள் கட்டையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தாள் மாத்தறப்ப யாரோ கதவைத் தட்டினாங்க. பேனாவை வச்சுட்டு எழுந்து போனேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு."

"யாரு?"

"அண்ணன்கூட வேலை பார்க்கிறவருன்னு ஒருத்தர். முதல் தடவையா வீட்டுக்கு வந்தாரு. உள்ளங்கையெல்லாம் எண்ணெய். தண்ணி குடுத்தேன், டம்ளரைப் பிடிச்ச இடமெல்லாம் கறுப்பு."

கணவர் யோசித்தார். யோசித்து முடித்ததும் முகத்தில் ஏதோ ஒன்று லேசாகத் தளர்ந்தது.

"அப்ப அதுவும் என் தலையிலதானா?"

"வேற யாரு தலையில போடறது?"

அவர் எழுந்தார். தாளை மடித்த மடிப்பிலேயே நாலாக மடித்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார், ஒரு வண்டியும் வரவில்லை; இருந்தும் கொஞ்சம் நின்றுதான் கடந்தார். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டபோது கிரீஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான்.

உள்ளே அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "வாங்கண்ணே" என்றாள், நேற்றும் வந்துபோனவரைச் சொல்வது மாதிரி. நகர்ந்து இடம் விட்டாள். "டீயைக் கொண்டுவந்து வச்சேன். ஆறிடப் போகுதுன்னு ரெண்டு தடவை சொன்னேன் அண்ணே."

"ம்," என்றார் கணவர்.

கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்தார். தாளைச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனவர் நின்று, கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். பென்சில் வேண்டும் என்று கேட்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. ஜன்னல் விளிம்பில் அண்ணனுடைய துண்டுப் பென்சில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தாள். தாளின் கீழே மிச்சமிருந்த இடத்தில் அவர் ஒரு வரி எழுதினார். அவருடைய எழுத்து எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை. அவள் எட்டிப் பார்க்கவில்லை. வார்த்தை ஒன்றுமில்லை, எண்கள்தான் என்பது கை போன போக்கிலேயே தெரிந்தது. மடித்து உள்ளே வைத்து, மூடியை இழுத்து, கட்டை விரல் நகத்தால் பொத்தானை ஒரே அழுத்தில் மாட்டினார். அது காலையிலிருந்து யாரையும் படுத்தாத பொத்தான் மாதிரி மாட்டிக்கொண்டது.

கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மூன்று மணி வண்டி மூன்றரைக்குத்தான் வந்தது. தலைமாட்டில் ஒரு பக்கம் மகனும் ஒரு பக்கம் கணவரும், கால்மாட்டில் கிரீஸும் பட்டறை ஆள் ஒருவரும் பிடித்தார்கள். "பார்த்து, வாசப்படி," என்றார் கணவர். "இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் தூக்குங்க." வேலை நடக்கும்போது பேசுகிற குரல் அது. இவள் அதைக் கேட்டும் ஒன்பது வருஷம் ஆகிறது, வீட்டில் அவர் அப்படிப் பேச எதுவும் இருந்ததில்லை.

வண்டியில் ஏற்றினார்கள். மகன் உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டான். கதவைச் சாத்தினார்கள். மற்றவர்கள் பின்னால் நடப்பதற்காக நின்றார்கள். கணவர் வண்டிக்கு நேர் பின்னால், இவள் அவருக்குப் பக்கத்தில்.

பின்பக்கத்துத் தகட்டில் வண்டியின் எண் இருந்தது. 1139.

பார்த்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. அவள் எழுதின முதல் தாளில், மேலே, அடுத்தடுத்த பத்திகளில் இருக்கிற இரண்டு எண்கள்தான். திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு மூடியே இருந்தது. பதினேழு என்பது அண்ணன் சொல்ல வேண்டியது.

இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வண்டி மெதுவாக நகர்ந்தது. யாரும் நடக்க ஆரம்பிக்கவில்லை. ஒருவர் ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்கிற நேரம், அவ்வளவுதான், கணவர் பொறுத்திருந்தார்.

"அறுபத்தேழு," என்றார்.

வண்டி தெருமுனையில் திரும்பியது.